காதுக்குள்ள சொன்ன பதில்

பக்கத்தில ஒருத்தரும் இல்லைத்தானே, பிள்ளை? நான் இருக்கலாமோ? அங்கால கனக்க இடம் கிடக்கு, எனக்குத் தெரியும். நீங்கள் போனில கதைச்சது கேட்டது. புளி கூடினால் கொஞ்சம் வெல்லம் போடச் சொல்லி ஆருக்கோ சொன்னீங்கள். தமிழைக் கேட்டதும் கால் தானா இஞ்சால வந்திட்டுது. இந்தியாப் பக்கமோ? கோயம்புத்தூரோ, நல்லது. நான் யாழ்ப்பாணம். என்ர தமிழ் விளங்காட்டிக் கேளுங்கோ, திருப்பிச் சொல்லுறன்.

நீங்கள் கடைசி மட்டும் போறீங்களோ? அப்ப நான் உங்களுக்கு முதல் இறங்குவன். இன்னும் பதினைஞ்சு நிறுத்தம் இருக்கு. இந்த பஸ் ஊர் முழுக்கச் சுத்தித்தான் போகும்.

நான் போன சனிக்கிழமை கிளப்பை விட்டு வந்திட்டன். இருபத்தாறு வருசம். குடிக்கிற கிளப் இல்லை, பயப்பிடாதேங்கோ. றக்பி லீக். முட்டை மாதிரிப் பந்தைக் கக்கத்துக்குள்ள வச்சுக்கொண்டு ஆளை ஆள் இடிச்சு விழுத்துவாங்களே, டீவியில பார்த்திருப்பீங்கள். பக்கத்துக்குப் பதின்மூண்டு பேர். பெலிக்கன்ஸ் எண்டு எங்கட கிளப்புக்குப் பேர். பெரிய கிளப் இல்லை. கிழமை நாளில கூரை போடுறவன், பைப் பூட்டுறவன், லொறி ஓட்டுறவன் எல்லாம் சனிக்கிழமை வந்து விளையாடுவாங்கள். நான் அங்க ட்ரெயினர். ட்ரெயினர் எண்டால் விளையாட்டுச் சொல்லிக் குடுக்கிற ஆள் இல்லை, அது கோச். நான் விளையாட முதல் கணுக்காலுக்கும் தோளுக்கும் ஒட்டுப்பட்டி சுத்துற ஆள். விளையாட்டு நடக்கேக்க மஞ்சள் சேட் போட்டு, தண்ணிப் போத்தலைத் தூக்கிக்கொண்டு உள்ள ஓடுற ஆள். ஆரும் விழுந்தால் பக்கத்தில போய் முதல் குந்துறது நான்தான்.

அறுபத்தெட்டு வயசு. இன்னும் ஓடுவன். விடச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லை, நானாத்தான் விட்டனான். அதை முதலே சொல்லிப்போட வேணும். புதுசா ஒரு பெட்டையைப் போட்டிருக்கினம், ஃபிசியோ படிச்சவள். மே மாசம் ஒரு பெடியனுக்குத் தலையில இடிபட்டது. சும்மா ஒரு இடி. அவள் பிடிச்சு வெளிய இருத்திப்போட்டாள், மூண்டு கிழமை, அதுதான் மூண்டு வாரம், விளையாடக் கூடாதாம். அவன் வடிவாத்தான் நிக்கிறான், விடு பிள்ளை எண்டு நான் சொன்னன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு தண்ணிப் போத்தல் நிரப்பினால் காணும், உள்ள ஓட வேண்டாம் எண்டு கொமிற்றியில சொல்லிச்சினம். என்ர வயசுக்கு மரியாதை எண்டு நினைச்சன். பிறகு யோசிச்சுப் பார்த்துப்போட்டு, சீசன் முடிய விட்டிடுறன் எண்டு நானே சொல்லிப்போட்டன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு எனக்குப் பிரியாவிடை. சொசேஜ் சுட்டவங்கள். நான் இறைச்சி தின்னாதவன் எண்டு இருபத்தாறு வருசமாச் சொல்லுறன், அண்டைக்கும் மாட்டுச் சொசேஜ்தான். வெறும் பாணைத் திண்டன், நீங்கள் பிரெட் எண்டுவீங்கள். கிளப் சேட் ஒண்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள்ள போட்டுத் தந்தவை. முதுகில டொக் எண்டு, டொக்டரைச் சுருக்கி, எழுதிக் கிடக்கு. என்னை அங்க டொக் எண்டுதான் எல்லாரும் கூப்பிடுவினம். தில்லைநாதன் எண்டது அவங்கட வாய்க்குள்ள நுழையேல்லை. ஊரில நான் ஆசுப்பத்திரியில புண்ணுக்கு மருந்து கட்டுற அற்றெண்டன். அங்க டொக்டர்மார் என்னை டேய் எண்டு கூப்பிட்டவை. இஞ்ச வந்து டொக் ஆகிட்டன், பாருங்கோ.

ஆனால் எனக்கு அண்டைக்கு மனம் விட்டுப் போச்சு. சொசேஜால இல்லை. கிளென் எண்டு ஒருத்தன், எங்கட பழைய கப்டன். பதினொரு வருசம் கப்டனா இருந்தவன். இப்ப நாப்பத்தெட்டு வயசு. அவன்ர ரெண்டு கணுக்காலும் எனக்கு என்ர கையை விட வடிவாத் தெரியும். இடது காலில எலும்பு கொஞ்சம் தள்ளி நிக்கும், அதுக்கு எட்டுப்போடுற மாதிரித்தான் பட்டி சுத்த வேணும். அவனைப் பேசக் கூப்பிட்டினம். மைக்கைப் பிடிச்சான். இந்த மனிசன் இல்லாட்டி நான் ஒரு மச் விளையாடியிருக்க மாட்டன் எண்டான். எல்லாரும் கை தட்டினம். பிறகு, "இவர்தான் எங்கட..." எண்டுபோட்டு நிண்டிட்டான். என்னைப் பார்க்கிறான். சிரிச்ச முகம். எண்பது பேர் பார்த்துக்கொண்டு நிக்கினம். நான் பக்கத்தில நிண்டனான், மெல்லக் குனிஞ்சு அவன்ர காதுக்குள்ள "டொக்" எண்டன். அவன் மைக்கில "டொக்" எண்டான். எல்லாரும் சிரிச்சுக் கை தட்டினம், பகிடி விடுறான் எண்டு நினைச்சினமாக்கும்.

என்ர பிரியாவிடையில என்ர பேரை நானே சொல்லிக் குடுக்க வேண்டியதாப் போச்சு.

எனக்குக் கோவம் வந்தது. ஓம், கோவம்தான். பதினொரு வருசம் அவனுக்குக் குனிஞ்சு நிண்டு காலுக்குப் பட்டி சுத்தினவன் நான். வெள்ளைக்காரன் இவ்வளவுதான் எண்டு நினைச்சன். என்ர மனிசி எப்பவும் சொல்லுவா, நீங்கள் அவையளுக்கு மாயுறீங்கள், நாளைக்கு றோட்டில கண்டாலும் தெரியாத மாதிரிப் போவினம் எண்டு. அவ சொன்னது சரியாப் போச்சே எண்டுதான் எனக்குக் கூடக் கோவம்.

மனிசி மெல்பேணில, மகளோட. பேரன் பிறந்த உடன உதவிக்குப் போனவ. மூண்டு மாசத்தில வாறன் எண்டு சொன்னவ. இப்ப பேரன் ரெண்டாம் வகுப்பு. சின்னப் பிள்ளையள் இருக்கிற வீட்டில வேலை முடியாது எல்லே. போற அண்டு, நான் எயார்போட்டுக்கு வர ஏலாமல் போச்சு, சனிக்கிழமை. வாசலில பெட்டியோட நிண்டு, உங்களுக்கு அங்க பதின்மூண்டு பேர் இருக்கினம்தானே, தனிய இருக்க மாட்டீங்கள் எண்டு சொல்லிப்போட்டுப் போனவ. நல்ல மனசு அவவுக்கு.

நான் கிளப்புக்குப் போனதே தற்செயல். நாங்கள் அப்ப மைதானத்துக்குப் பின்னால ஒரு பிளட்டில இருந்தனாங்கள். கார்ப்பெட் செய்யிற தொழிற்சாலையில வேலை, சனிக்கிழமை லீவு. வேலிக்குப் பக்கத்தில நிண்டு பார்ப்பன், ஒரு சொல் விளங்காது. ஒரு நாள் ஒருத்தன் விரல் கழண்டு துடிச்சுக்கொண்டு நிக்கிறான், ஆளுக்கு ஆள் பார்க்கினம். நான் வேலியால ஏறிக் குதிச்சுப் போய் இழுத்து விட்டன். டக்கெண்டு இருந்திட்டுது. அவன் என்னைக் கட்டிப்பிடிச்சான். இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருசத்தில ஒருத்தன் என்னைத் தொட்டது அண்டைக்குத்தான். அடுத்த கிழமை மஞ்சள் சேட் தந்தவங்கள்.

நான் சும்மா ட்ரெயினர் இல்லை, பிள்ளை. என்னால ஒரு மச்சும் தோற்கேல்லை. மற்றக் கிளப்புகளில ட்ரெயினர் விழுந்தவனை வெளிய கூட்டிக்கொண்டு வருவான். நான் எழுப்பி விடுவன். அதாலதான் அவங்களுக்கு என்னில உயிர்.

எப்பிடியெண்டு சொல்லுறன். தலையில அடிபட்டவனிட்ட அஞ்சு கேள்வி கேக்க வேணும், அது சட்டம். இது எந்த மைதானம்? இப்ப முதல் பாதியோ ரெண்டாம் பாதியோ? கடைசியாப் புள்ளி எடுத்தது ஆர்? போன கிழமை ஆரோட விளையாடினது? வெண்டதோ தோத்ததோ? அஞ்சும் சரியெண்டால் எழும்பி விளையாடலாம், ஒண்டு பிழைச்சாலும் வெளிய. கேக்கிறது நான். நடுவர் பக்கத்தில வந்து நிண்டு கேட்டுக்கொண்டு நிப்பார். ஆனால் அவர் நடந்து வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுக்கும் எல்லே. அதுக்குள்ள நான் ஈரத் துவாயால முகத்தைத் துடைக்கிற சாட்டில குனிஞ்சு காதுக்குள்ள சொல்லிப்போடுவன். எங்கட மைதானம், ரெண்டாம் பாதி, அவங்கட ஏழாம் நம்பர், போன கிழமை செங்கல் சூளையடிக் கிளப், வெண்டது. திரும்பச் சொல்லு எண்டுவன், சொல்லுவான். பிறகு நடுவர் வந்ததும் சத்தமாக் கேப்பன். தலை கலங்கினவனுக்கும் இப்ப கேட்டதைச் சொல்ல ஏலும். ஒரு நிமிசத்துக்கு மனசில நிக்கும். அந்த ஒரு நிமிசம் எனக்குக் காணும்.

நான் வலுக்கட்டாயமா ஒருத்தரையும் அனுப்பேல்லை. அவங்களே கேப்பாங்கள். டொக், என்னை வெளிய எடுக்காதேங்கோ, டொக், அடுத்த கிழமையும் விளையாட வேணும். அவங்கள் கேட்டதை நான் செய்தன், அவ்வளவுதான். கிளப்பில காயப் புத்தகம் எண்டு ஒண்டு இருக்கு, அதை எழுதுறதும் நான்தான். கால், விலா, விரல் எல்லாம் ஒண்டு விடாமல் எழுதுவன். தலையை மட்டும், ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போனால் ஒழிய, எழுத மாட்டன். எழுதினால் மறு கிழமை நிப்பாட்டிப்போடுவினம்.

கிளென்ர மனிசி ஜூலி. பிரியாவிடை முடிஞ்சு நான் கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடக்கிறன், பின்னால ஓடி வந்தாள். அவன் மைக்கில நிண்டதுக்கு மன்னிப்புக் கேட்டாள். அவனுக்குப் பேரெல்லாம் போகுதாம். போன வருசம் தொடங்கினதாம். கடைக்குப் போனால் காரை விட்ட இடம் தெரியாதாம். தன்ர மகளைப் பார்த்து ஒரு நாள், நீ எங்க இருந்து வாறாய் எண்டு மரியாதையாக் கேட்டவனாம். வீட்டு வாசலில நிண்டு போற வாற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டுவானாம், எல்லாருக்கும் தன்னைத் தெரியும் எண்டு.

எனக்கு அந்த இடத்திலேயே கோவம் போயிட்டுது. போய், வேற ஒண்டு வந்து இருந்திட்டுது.

அவள் கேட்டது இதுதான். டொக்டர்மாருக்கு ரெண்டு சந்தேகமாம். ஒண்டு, தலையில பட்ட அடியால வந்தது. இல்லாட்டிப் பரம்பரை வருத்தம். அவன்ர தேப்பனுக்கும் கடைசிக் காலத்தில மறதி. எத்தினை தரம் அடிபட்டு மயங்கினவன் எண்டு தெரிஞ்சால் சொல்ல லேசாம். கிளப்பில போய்க் காயப் புத்தகத்தை வாங்கிப் பார்த்திருக்கிறாள். பதினொரு வருசத்துக்கு ரெண்டு தரம்தான் எழுதிக் கிடக்காம். அவையின்ர மகளுக்கு இப்ப பதினெட்டு, எங்கட கிளப்பிலதான் பெண்கள் அணியில விளையாடுறாள். தேப்பனை மாதிரியே இடிப்பாள். அவளை வாற சீசன் விளையாட விடுறதோ இல்லையோ எண்டு ஜூலி முடிவெடுக்க வேணும். அதுக்குத்தான் என்னட்டக் கேட்டவள்.

"டொக், உண்மையா எத்தினை தரம்? உங்களுக்கு மட்டும்தான் தெரியும்."

நான் ரெண்டு எண்டன்.

வாயில வந்திட்டுது, பிள்ளை. யோசிச்சுச் சொல்லேல்லை. அவள் என்ர கையைப் பிடிச்சு, "அப்ப நான்தான் பிழையா நினைச்சுப்போட்டன். இன்னும் இருந்திருந்தால் நீங்கள் எழுதாமல் விட்டிருக்க மாட்டீங்கள்" எண்டாள். நீங்கள் அவனை வடிவாப் பார்த்தீங்கள் எண்டும் சொன்னாள். பஸ் வரும் மட்டும் என்னோட நிண்டாள்.

வீட்டை வந்து மேசையில இருந்தன். எழுதிப் பார்ப்பம் எண்டு எழுதத் தொடங்கினன். எனக்கு மறதி இல்லை. மைதானம், வருசம், எந்தப் பக்கத்தால இடிபட்டது, நான் காதுக்குள்ள என்ன சொன்னனான் எல்லாம் அப்பிடியே கிடக்கு. பத்தொன்பது வந்தது. திருப்பி எண்ணினன். பத்தொன்பதுதான். இந்தா, சேட்டுப் பொக்கற்றில இருக்கு.

அதை ஜூலியிட்டக் குடுக்கத்தான் போறன். ஆனால் ஒரு விசயம் சொல்ல வேணும் உங்களுக்கு. வருசம் வருசம் கிறிஸ்மசுக்கு கிளென் வீட்டில என்னைக் கூப்பிடுவினம். நான் சைவம் எண்டு உருளைக்கிழங்கு தனியா வதக்கி வச்சிருப்பாள் ஜூலி. மனிசி போன பிறகு, என்ர பிறந்தநாளுக்குப் போன் எடுக்கிறதும் அவைதான். என்ர மகளும் எடுப்பாள், இல்லையெண்டு சொல்லேல்லை, அடுத்த நாளாவது எடுப்பாள். தமிழாக்களுக்கு என்னைத் தெரியாது. கோயிலுக்குப் போனால் நீங்கள் புதுசோ எண்டு கேக்கினம், முப்பத்திரண்டு வருசம் இஞ்ச இருக்கிறன். சனிக்கிழமைகளில நான் ஒரு இடமும் போனதில்லை, அதால ஆக்களைப் பழகேல்லை. இந்த நாட்டில உள்ள வா எண்டு கதவைத் திறக்கிற வீடு எனக்கு அது ஒண்டுதான். பத்தொன்பது எண்டு சொன்னால் அந்தக் கதவும் சாத்தும்.

சொல்லாட்டி அவையின்ர பெட்டை போய் இடிபடும்.

ஞாயிற்றுக்கிழமையும் இந்த பஸ்ஸில ஏறினனான். அவையின்ர நிறுத்தத்தில ஒரு தாய் பிள்ளை வண்டிலோட வழியில நிண்டா, இறங்க ஏலேல்லை. கடைசி மட்டும் போய் அதே பஸ்ஸில திரும்பி வந்தன். நேற்று மழை. நனைஞ்ச உடுப்போட ஒருத்தர் வீட்டுக்குள்ள போறது சரியில்லை எல்லே. நேற்றும் கடைசி மட்டும் போய் வந்தன். டிறைவர் இண்டைக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சவன்.

என்ன கேட்டீங்கள்? வடிவாச் சொல்லுங்கோ.

ஒவ்வொரு தடவையும் அவரே திரும்ப விளையாடப் போகணும்னுதான் கேட்டாரா, எண்டோ.

ஓம். அப்பிடித்தான் சொன்னனான்.

இருங்கோ, பிள்ளை. அப்பிடிக் கேட்டால் நான் யோசிக்க வேணும். இவ்வளவு நேரமும் வழவழ எண்டு கதைச்சன், நீங்கள் ஒண்டே ஒண்டு கேக்கிறீங்கள்.

கிளென் விளையாடின கடைசி வருசம். அரையிறுதி. ஒன்பது நிமிசம் இருக்கு, நாங்கள் ரெண்டு புள்ளி முன்னுக்கு. கிளென் பந்தைத் தூக்கிக்கொண்டு போய் இடிபட்டான், மற்றவன்ர முழங்கால் இவன்ர காதடியில. நான் ஓடிப்போய்க் குந்தினன். கண் முழிச்சுத்தான் கிடந்தான். முகத்தைத் துடைக்கக் குனியேக்க என்ர சேட்டைப் பிடிச்சான், இந்தக் கை விளிம்பில. "டொக், என்னை வெளிய எடுங்கோ. எனக்குச் சரியில்லை" எண்டான்.

பதினொரு வருசத்தில அவன் அப்பிடிக் கேட்டது அந்த ஒருக்காத்தான்.

சனம் கத்தினது, எனக்குக் கேக்கேல்லை எண்டு சொல்லலாம். இதுவரைக்கும் எனக்கு நானே அப்பிடித்தான் சொல்லி வச்சிருந்தனான். ஆனால் கேட்டது. வடிவாக் கேட்டது. நடுவர் வாறது தெரியுது. கப்டன் வெளிய போனால் தோற்பம். நான் குனிஞ்சு மைதானம், பாதி, புள்ளி, போன கிழமை, வெண்டது எண்டு அஞ்சையும் சொன்னன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். திரும்பச் சொல்லு எண்டன். சொன்னான். ஒவ்வொண்டாச் சொன்னான், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. நடுவருக்கும் சொன்னான். கையைக் குடுத்து எழுப்பி விட்டன்.

வெண்டிட்டம். முடிஞ்சதும் என்னைத் தோளில தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுத்தினவங்கள். தூக்கினது கிளென்தான்.

அது என்ர பட்டியலில பத்தொன்பதாவது. மைதானம் எழுதியிருக்கிறன், திகதி எழுதியிருக்கிறன், எந்தக் காது எண்டும் எழுதியிருக்கிறன். அவன் கேட்டதை எழுதேல்லை.

இந்த வளைவு முடிய என்ர நிறுத்தம். அந்தா, சிவப்புக் கதவு வீடு. வாசலில நிக்கிறான், பாருங்கோ. கை காட்டுறான். எனக்கில்லை, பஸ்ஸுக்கு. மணியை ஒருக்கா அமத்தி விடுங்கோ, எனக்குக் கை எட்டேல்லை.

உங்களிட்டப் பேனை இருக்கோ, பிள்ளை?